மல்டிலெவல் இன்வெர்ட்டர் தேர்வு: டிசி பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், வெளியீட்டை இரண்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தப் படிகளில் (லெவல்களில்) உருவாக்கினால் அது மல்டிலெவல் இன்வெர்ட்டர். அதை வடிவமைக்க உட்காரும் பலர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "எத்தனை லெவல் வைக்கலாம்?" என்பதுதான். மூன்றா, ஐந்தா, ஏழா என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு எந்த அமைப்பில் சுவிட்ச் குறைவாக வருகிறது என்று தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். டிசி எங்கிருந்து வருகிறது? ஒரே மூலமா, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து எடுக்கக்கூடிய பல மூலங்களா? மின்னழுத்தம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் விடை எழுதி வைத்தாலே பாதி அமைப்புகள் தாமாக விலகிவிடும். லெவல் எண்ணிக்கை கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு.

அதற்கும் முன்னால் ஒன்று: மல்டிலெவல் உண்மையிலேயே தேவையா? சாதாரண இரண்டு லெவல் இன்வெர்ட்டரில் ஒவ்வொரு ஃபேஸின் வெளியீடும் டிசி பஸ்ஸின் (டிசி மின்னழுத்தம் வரும் கம்பி ஜோடியின்) மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். 800 வோல்ட் பஸ் என்றால் ஒவ்வொரு தாவலும் 800 வோல்ட். நடுவில் ஒரு படி சேர்த்தால் தாவல் 400 வோல்ட் ஆகிறது. சுவிட்சிங் அதிர்வெண்ணை மாற்றாமலே ஃபில்டர் இண்டக்டரில் ரிப்பிள் கரன்ட்டின் (சுவிட்சிங்கால் எழும் சிற்றலையின்) உச்சம் பாதியாகக் குறைகிறது. சுவிட்சிங் இழப்பும் குறைகிறது. மோட்டாருக்கு நீளமான கேபிள் போகும் இடங்களில் இன்னொரு பலன் உண்டு. வேகமாக ஏறும் ஒவ்வொரு தாவலும் கேபிளின் மறுமுனையில் எதிரொலித்து, மோட்டார் முனையில் கிட்டத்தட்ட இரு மடங்காக எழும்பும். தாவல் சிறிதானால் சுருளின் இன்சுலேஷன் மீது விழும் அடியும் சிறிதாகும், பேரிங் வழியாகப் பாயும் கரன்ட்டும் தணியும்.

ஆனால் பஸ் 400 வோல்ட் அளவில் இருந்து, திறனும் சில கிலோவாட்தான் என்றால், சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் (வேகமான ஒரு டிரான்சிஸ்டர்) போட்ட இரண்டு லெவல் பிரிட்ஜ் பெரும்பாலும் போதும். ஃபில்டரின் அளவும் வெப்பமும் அதிலேயே அடங்கிவிட்டால் மேலே படிக்கத் தேவையில்லை. தேவையற்ற லெவல் என்பது தேவையற்ற கேட் டிரைவர் (சுவிட்சை இயக்கும் சுற்று), தேவையற்ற மின்னழுத்தச் சமநிலைப் பிரச்சினை.

ஒரே டிசி மூலம் இருந்தால்: என்பிசியும் டி-டைப்பும்

ஜப்பானின் நபே, தகாஹாஷி, அகாகி மூவரும் 1981-இல் வெளியிட்ட நியூட்ரல் பாயின்ட் கிளாம்ப்டு அமைப்பு, சுருக்கமாக என்பிசி, இன்றும் தொழிற்சாலைகளில் பரவலாக ஓடுகிறது. டிசி பஸ்ஸை இரண்டு கெபாசிட்டர்களால் பாதியாகப் பிரித்து, நடுப்புள்ளியை இரண்டு கிளாம்ப் டையோடுகள் வழியாக ஃபேஸுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு ஃபேஸுக்கு நான்கு சுவிட்ச் தொடராக இருக்கும். ஒவ்வொன்றும் பஸ்ஸில் பாதியை மட்டும் தாங்கினால் போதும்.

டி-டைப் அதே மூன்று லெவலை வேறு வழியில் தருகிறது. இரண்டு லெவல் பிரிட்ஜின் மேல், கீழ் சுவிட்ச் அப்படியே இருக்க, நடுப்புள்ளிக்கு இருதிசைச் சுவிட்ச் ஒன்று கிளையாகப் போகிறது. கிளாம்ப் டையோடு கிடையாது. 800 வோல்ட் பஸ்ஸில் வெளிச் சுவிட்சுகளுக்கு 1200 வோல்ட் ரகம் வேண்டும், நடுக்கிளைக்கு 600 அல்லது 650 வோல்ட் ரகம் போதும். என்பிசியில் நான்குமே 600 அல்லது 650 வோல்ட் ரகம்.

இரண்டில் எது? கரன்ட் எத்தனை சாதனங்களைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். என்பிசியில் எந்த நிலையிலும் கரன்ட் இரண்டு சாதனங்களைக் கடக்கிறது. டி-டைப்பில் வெளியீடு மேலேயோ கீழேயோ இருக்கும்போது ஒன்றே ஒன்றுதான். ஆகவே கடத்தல் இழப்பு டி-டைப்பில் குறைவு. மறுபக்கம், 1200 வோல்ட் ஐஜிபிடி (ஒரு வகைப் பவர் டிரான்சிஸ்டர்) 600 வோல்ட் ஐஜிபிடியை விட மெதுவாக அணையும், அதனால் அதிர்வெண் ஏற ஏற என்பிசி முன்னுக்கு வருகிறது. 800 வோல்ட் பஸ், மிதமான அதிர்வெண் என்றால் நான் டி-டைப்பையே எடுப்பேன். 1500 வோல்ட் சோலார் பஸ் என்றால் கதை மாறுகிறது. டி-டைப்பின் வெளிச் சுவிட்சுகள் முழு 1500 வோல்ட்டையும் தாங்க வேண்டியிருப்பதால், அந்த ரகச் சாதனங்களின் இழப்பு எல்லா ஆதாயத்தையும் தின்றுவிடும். அங்கே என்பிசி குடும்பம்தான்.

மின்னழுத்த ரகத்தைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1200 வோல்ட் என்று எழுதியிருக்கும் சாதனத்தில் 1100 வோல்ட்டை நிரந்தரமாக நிறுத்தக் கூடாது. அணையும் கணத்தில் எழும் மிகை மின்னழுத்தம் ஒரு காரணம். அண்டக் கதிர்களால் உண்டாகும் திடீர் பழுது இன்னொன்று. நிலையான மின்னழுத்தம் கூடக் கூட அதன் வாய்ப்பு மிகச் செங்குத்தாக ஏறும். ரகத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். உயரமான மலைப்பகுதியில் வைக்கப்போகும் கருவிக்கு இன்னும் குறைவாக.

என்பிசியின் குறைகளில் எல்லோருக்கும் தெரிந்தது நடுப்புள்ளி நகர்வது. மூன்று ஃபேஸ்களின் கரன்ட்டும் அந்தப் புள்ளியில் கூடுவதால், வெளியீட்டைப் போல மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒரு அலை அங்கே வரும்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 150. மாடுலேஷன் (பஸ் மின்னழுத்தத்தில் எவ்வளவை வெளியீடாக எடுக்கிறோம் என்பது) உச்சத்திலும் பவர் ஃபேக்டர் மிகக் குறைவாகவும் இருக்கும்போது இது மோசம். ஒரே லைன் மின்னழுத்தத்தைத் தரும் இரட்டை நிலைகள் மூன்று லெவலில் உண்டு. மொத்தம் 27 நிலைகளில் 19 மட்டுமே வெவ்வேறானவை. மிச்சமிருக்கும் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி கட்டுப்பாட்டு நிரலாலேயே நடுப்புள்ளியைப் பிடித்து வைக்கலாம். தீர்க்கக்கூடிய பிரச்சினைதான், பயப்பட வேண்டாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வெப்பம் சமமாகப் பரவாமல் போவது. முழுத் திறனில் ஓடும்போது வெளிச் சுவிட்சுகள் சூடாகின்றன. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது உள் சுவிட்சுகளும் கிளாம்ப் டையோடுகளும் சூடாகின்றன. ஒரு சாதனம் எல்லையைத் தொட்டவுடன் மொத்த இன்வெர்ட்டரின் திறனுக்கும் அதுவே எல்லை. மற்றவை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் பயனில்லை. இதற்காகத்தான் கிளாம்ப் டையோடுகளுக்குச் சேர்த்து சுவிட்ச் வைத்த ஆக்டிவ் என்பிசி வந்தது. நடுநிலைக்குப் போக இரண்டு பாதைகள் கிடைப்பதால், எந்தச் சாதனம் சூடாக இருக்கிறதோ அதை விட்டு அடுத்த பாதையில் போகலாம். ஃபேஸுக்கு ஆறு சுவிட்ச். பெரிய திறனில் இந்தக் கூடுதல் செலவு நியாயமானது. சிறிய திறனில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்பிசியை ஐந்து லெவலுக்கு நீட்டலாமா? நீட்டாதீர்கள். எம் லெவலுக்கு ஒரு ஃபேஸில் (எம்–1)(எம்–2) கிளாம்ப் டையோடு வேண்டும். மூன்று லெவலுக்கு 2, ஐந்துக்கு 12. அதையும் பொறுத்துக்கொண்டால்கூட, உயர் மாடுலேஷனில் உண்மைத் திறன் பாயும்போது உள் கெபாசிட்டர்களைச் சமநிலையில் வைக்க நிரல் மட்டும் போதாது. தனிச் சுற்று வேண்டும். டையோடு கிளாம்ப் அமைப்பு மூன்று லெவலோடு நின்றால்தான் அழகு.

ஃப்ளையிங் கெபாசிட்டர்: அதிர்வெண் உயர்ந்தால் மட்டும்

1992-இல் பிரான்ஸைச் சேர்ந்த மெய்னாரும் ஃபோஷும் முன்வைத்தது இது. டையோடுகளுக்குப் பதில், எந்த முனையோடும் நிலையாகக் கட்டப்படாமல் மிதக்கும் கெபாசிட்டர்கள் இடைப்பட்ட மின்னழுத்தங்களைப் பிடித்து வைக்கின்றன. ஒரே லெவலை அடையப் பல வழிகள் இருப்பதால், கேரியர்களை (சுவிட்ச் ஆகும் நேரத்தை முடிவு செய்யும் முக்கோண அலைகளை) ஒன்றுக்கொன்று தள்ளிவைத்து மாடுலேஷன் செய்தாலே கெபாசிட்டர்கள் ஏறக்குறைய தாமாகச் சமநிலைக்கு வந்துவிடும்.

இதன் உண்மையான பலம் இண்டக்டரில் தெரியும். சுவிட்ச் ஜோடிகளின் எண்ணிக்கை N என்றால், ஒவ்வொரு படியும் பஸ்ஸில் N-இல் ஒரு பங்கு. வெளியீட்டில் தெரியும் அதிர்வெண்ணோ ஒரு சுவிட்சின் அதிர்வெண்ணைப் போல N மடங்கு. இரண்டும் பெருக்கிக்கொள்வதால், அதே ரிப்பிளுக்குத் தேவைப்படும் இண்டக்டன்ஸ் N-இன் வர்க்கத்தால் குறைகிறது. ஏழு லெவலில் ஆறு ஜோடி. ஆகவே 36-இல் ஒரு பங்கு. இன்வெர்ட்டரில் அதிகக் கனமான பொருள் பெரும்பாலும் இண்டக்டர்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய ஆதாயம் என்று புரியும்.

ஆனால் மிதக்கும் கெபாசிட்டரின் அளவு சுவிட்சிங் அதிர்வெண்ணுக்கு நேர் எதிராகப் போகிறது. மீடியம் வோல்டேஜ் ஐஜிபிடி ஒரு கிலோஹெர்ட்ஸுக்குள் ஓடும்போது கெபாசிட்டர்கள் பீரோ அளவுக்கு வளரும். காலியம் நைட்ரைடு சாதனங்கள் நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும்போது செராமிக் கெபாசிட்டர்களே போதும். கூகுள் நடத்திய லிட்டில் பாக்ஸ் சேலஞ்சில், 2 கிலோவாட் இன்வெர்ட்டரை முடிந்த அளவு சிறிதாகக் கட்டச் சொன்னபோது, இல்லினாய்ஸ் பல்கலைக்கழக அணி ஏழு லெவல் ஃப்ளையிங் கெபாசிட்டர் அமைப்பைக் காலியம் நைட்ரைடோடு சேர்த்துக் கட்டியது. இந்த அமைப்புக்கு இயல்பான இடம் அதுதான்: சிறிய பெட்டி, உயர் அதிர்வெண், ஒரே டிசி மூலம்.

இதை எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது பஸ்ஸை நேரடியாக ஏற்றினால், கோடியில் இருக்கும் சுவிட்ச் முழு மின்னழுத்தத்தையும் சுமந்து உடையும். ஆகவே மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் வழி வேண்டும். அப்புறம், செராமிக் கெபாசிட்டரின் மதிப்பு டிசி மின்னழுத்தம் ஏறும்போது நன்றாகவே சரியும். பெட்டியில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட்டை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

பல டிசி மூலங்கள் கிடைத்தால்: கேஸ்கேடட் ஹெச்-பிரிட்ஜ்

பல ஹெச்-பிரிட்ஜ்களை (நான்கு சுவிட்ச் கொண்ட ஒற்றை ஃபேஸ் பிரிட்ஜ்களை) தொடராக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி டிசி கொடுப்பது. ஒரு பிரிட்ஜ் மூன்று நிலைகளைத் தரும். அடுக்கில் ஒன்று சேரும்போதெல்லாம் இரண்டு லெவல் கூடும். கிளாம்ப் டையோடும் இல்லை, மிதக்கும் கெபாசிட்டரும் இல்லை. ஆனால் "தனி டிசி" என்ற ஒரே நிபந்தனையில்தான் எல்லாச் செலவும் ஒளிந்திருக்கிறது.

3.3 கிலோவோல்ட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லைன் மின்னழுத்தத்தின் உச்சம் ஏறக்குறைய 4.7 கிலோவோல்ட், ஆகவே டிசி பஸ் 5 கிலோவோல்ட் அளவில் வேண்டும். சந்தையில் கிடைக்கும் ஐஜிபிடியின் மேல் எல்லை 6.5 கிலோவோல்ட் ரகம் என்பதால் இரண்டு லெவல் இங்கே சங்கடம். மூன்று லெவல் என்பிசியில் ஒவ்வொரு சுவிட்சும் 2.5 கிலோவோல்ட் சுமக்கும்; 4.5 கிலோவோல்ட் ரகம் பொருந்தும். மொத்தம் 12 சுவிட்ச், 6 கிளாம்ப் டையோடு. இனி ஹெச்-பிரிட்ஜ் வழி: ஃபேஸ் உச்சம் ஏறக்குறைய 2.7 கிலோவோல்ட். 1700 வோல்ட் ரக ஐஜிபிடி, 1000 வோல்ட் டிசி கொண்ட மூன்று செல்கள் (ஹெச்-பிரிட்ஜ்கள்) ஒரு ஃபேஸுக்குப் போதும், ஏழு லெவல் கிடைக்கும். மொத்தம் 9 செல், 36 சுவிட்ச், ஒவ்வொரு செல்லுக்கும் தனி டிசி தர டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்பது தனிச் சுருள்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்பிசி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சுருள்களை 20 டிகிரி இடைவெளியில் தள்ளிச் சுற்றினால் 18-பல்ஸ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் சுற்று) கிடைக்கிறது. மின்வழங்கல் பக்கம் தனி ஹார்மோனிக் ஃபில்டர் பெரும்பாலும் வேண்டாம். 1700 வோல்ட் ஐஜிபிடி எளிதில் கிடைக்கும், மலிவு, வேகம். ஏழு லெவல் வெளியீட்டைப் பழைய மோட்டாருக்கே ஃபில்டர் இல்லாமல் கொடுக்கலாம். ஒரு செல் பழுதானால் அதைக் குறுக்கிணைத்து விலக்கிவிட்டு, ஸ்டார் புள்ளியைக் கணக்கிட்டு நகர்த்தி, மீதி செல்களோடு குறைந்த மின்னழுத்தத்தில் தொடர்ந்து ஓட்டலாம். என்பிசியில் ஒரு சுவிட்ச் போனால் எல்லாம் நின்றுவிடும். நிற்கவே கூடாத பம்ப், ஃபேன் வேலைகளுக்கு நான் தயங்காமல் ஹெச்-பிரிட்ஜைச் சொல்வேன்.

ஒன்றில் மட்டும் கவனம். செல்லுக்குள் டையோடு ரெக்டிஃபையர் இருந்தால் மோட்டார் பிரேக் போடும்போது வரும் ஆற்றலைத் திருப்பி அனுப்ப முடியாது. கிரேன், லிஃப்ட், ரோலிங் மில் போன்றவற்றுக்கு ஒன்பது செல்லிலும் ஆக்டிவ் ரெக்டிஃபையர் வைப்பது பெரும் செலவு. இரண்டு என்பிசிகளை முதுகோடு முதுகாக இணைப்பது அங்கே எவ்வளவோ எளிது. இன்னொன்று, ஒவ்வொரு செல்லும் ஒற்றை ஃபேஸ் பிரிட்ஜ் என்பதால் வெளியீட்டைப் போல இரு மடங்கு அதிர்வெண்ணில் திறன் துடிக்கும். மூன்று ஃபேஸும் ஒரே பஸ்ஸைப் பகிரும்போது அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி இல்லாததால் செல் கெபாசிட்டர்கள் பெரிதாகும்.

தனி டிசி இயல்பாகவே இருக்கும் இடங்கள் உண்டு. பேட்டரித் தொகுப்பில் ஒவ்வொரு பேக்கும் தனி மூலம். ஸ்டாட்காமில் (மின்கட்டமைப்பில் ரியாக்டிவ் திறனைச் சரிசெய்யும் கருவியில்) உண்மைத் திறன் வேண்டியதே இல்லை, இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும்; கெபாசிட்டர் வைத்தாலே வேலை முடிந்தது. இந்த இரண்டுக்கும் இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை. சோலார் பேனல்கள் தனித்தனியாக இருப்பதால் அதற்கும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் பூமியைப் பொறுத்துத் தாவிக்கொண்டே இருப்பதால், பேனல் சட்டத்தின் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிவுக் கரன்ட் ஓடும். ஒரு பேனல் வரிசையில் நிழல் விழுந்தால் சமநிலையும் சிக்கலாகும்.

செல்களின் டிசியைச் சமமில்லாமல் வைத்து லெவலை ஏற்றும் உத்தியும் இருக்கிறது. இரண்டு பிரிட்ஜுக்கு 1:3 விகிதத்தில் டிசி கொடுத்தால் ஐந்துக்குப் பதில் ஒன்பது லெவல். காகிதத்தில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் எல்லா செல்லும் ஒரே மாதிரி என்ற வசதி போய்விடும், சில நேரங்களில் சின்ன செல்லுக்குள் திறன் பின்னோக்கிப் பாயும், பழுதானதை விலக்கி ஓட்டுவதும் இயலாது. ஹெச்-பிரிட்ஜைத் தேர்ந்தெடுக்க இருந்த காரணங்களையே இது எடுத்துவிடுகிறது.

எம்எம்சி: நூறு கிலோவோல்ட்டைத் தாண்டும்போது

ஜெர்மனியில் லெஸ்னிகாரும் மார்க்வார்ட்டும் 2003-இல் முன்வைத்த மாடுலர் மல்டிலெவல் கன்வெர்ட்டரில் (எம்எம்சி), ஒவ்வொரு கையிலும் (ஃபேஸின் மேல் பாதியிலும் கீழ் பாதியிலும்) நூற்றுக்கணக்கான சிறு மாட்யூல்கள் அடுக்கப்படுகின்றன. தனி டிசி மூலம் வேண்டாம். மாட்யூலுக்குள் கெபாசிட்டர் மட்டும். பொதுவான உயர் மின்னழுத்த டிசி பஸ்ஸும் இருக்கும். 2010-இல் இயங்கத் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரான்ஸ் பே கேபிள் என்ற கடலடி டிசி மின்தடம், 400 மெகாவாட், ±200 கிலோவோல்ட், ஒவ்வொரு கையிலும் 200-க்கு மேல் மாட்யூல்கள். அத்தனை படிகள் இருக்கும்போது சைன் அலைக்கு ஹார்மோனிக் ஃபில்டர் பெரும்பாலும் தேவைப்படாது, ஒவ்வொரு சுவிட்சும் மிக மெதுவாக ஓடினால் போதும், இழப்பு சரசரவென்று குறையும்.

விலை கெபாசிட்டரில். அடிப்படை அதிர்வெண்ணிலேயே மாட்யூல் கெபாசிட்டர் ஏறி இறங்குவதால் அது பெரிதாக இருந்தாக வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய ரிப்பிள் வளரும். மோட்டாரை மிக மெதுவாக, முழு டார்க்கில் சுற்ற வேண்டியிருந்தால் எம்எம்சி பக்கமே போகாதீர்கள். டிசி பக்கம் ஷார்ட் ஆனால் ஹாஃப்-பிரிட்ஜ் (இரண்டு சுவிட்ச் கொண்ட) மாட்யூல்களால் கரன்ட்டைத் தடுக்க முடியாது. ஃபுல்-பிரிட்ஜ் மாட்யூல் தடுக்கும், ஆனால் சுவிட்ச் இரு மடங்கு, இழப்பும் கூடும். நீண்ட மேல்நிலைக் கம்பித்தடத்தில் மின்னலால் அடிக்கடி தற்காலிகப் பழுது வரும், அங்கே ஃபுல்-பிரிட்ஜ் யோசிக்கத்தக்கது. கடலடி கேபிளுக்கு ஹாஃப்-பிரிட்ஜே சரி.

"சுவிட்ச் குறைந்த" புது அமைப்புகள் பற்றி

ஆய்விதழ்களில் ஒவ்வொரு மாதமும் குறைந்த சுவிட்சில் ஏழு லெவல், ஒன்பது லெவல் என்று புது அமைப்புகள் வருகின்றன. பலவற்றில் ஒரு பகுதி நேர்ப்பக்க லெவல்களை மட்டும் உருவாக்கும், கடைசியில் ஒரு ஹெச்-பிரிட்ஜ் அதைத் திருப்பிப்போடும். மூன்று 1000 வோல்ட் மூலங்களோடு கணக்குப் பாருங்கள். கேஸ்கேடட் அமைப்பில் 12 சுவிட்ச், ஒவ்வொன்றும் 1000 வோல்ட்: மொத்தம் 12,000. புது அமைப்பில் கடைசி ஹெச்-பிரிட்ஜின் நான்கு சுவிட்சும் 3000 வோல்ட் தாங்க வேண்டும். அந்த நான்கிலேயே 12,000 வந்துவிட்டது, லெவலை உருவாக்கும் சுவிட்சுகளை இன்னும் எண்ணவே இல்லை. ஒப்பிட வேண்டியது சுவிட்சின் எண்ணிக்கையை விட, எல்லாச் சுவிட்சும் தாங்கும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையை. அதையும், சாதன இழப்பையும், கெபாசிட்டரில் தேங்கும் ஆற்றலையும் தராத கட்டுரையை நம்பி எதையும் கட்டத் தொடங்காதீர்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியாமல், ஒரே டிசி மூலம், ஆயிரம் வோல்ட்டுக்குள் பஸ், பத்து இருபது கிலோவாட் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை டி-டைப் மூன்று லெவல். இரண்டு லெவல் தெரிந்தவருக்கு இது மிக அருகில் இருக்கிறது, நடுக்கிளை பழகினால் போதும். மாறாக என்பிசியை எடுத்தால், முழு மின்னழுத்தம் கொடுப்பதற்கு முன் அவசர நிறுத்தத்தின் வரிசையைச் சோதியுங்கள். பழுது வந்தவுடன் எல்லா கேட் சிக்னலையும் ஒரே நேரத்தில் வெட்டுவது இரண்டு லெவலில் பாதுகாப்பு, இங்கே ஆபத்து. உள் சுவிட்ச் முந்திக்கொண்டு அணைந்தால் அது முழு பஸ்ஸையும் சுமக்கும். வெளிச் சுவிட்சுகள் முதலில் அணைய வேண்டும், சில மைக்ரோ விநாடி கழித்து உள்சுவிட்சுகள். பஸ்ஸில் 50 வோல்ட் மட்டும் வைத்து, ஆசிலோஸ்கோப்பில் அந்த வரிசையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.